சி ஷிஃப்ட் முடிந்து பார்த்த பி.பி.யை நம்பலாமா? நைட் வாரத்தில் மாத்திரை எப்போது போடுவது?

சேஃப்டி கமிட்டி, கடலூர் சிப்காட்

வணக்கம். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் பிளான்ட். ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2, பி ஷிஃப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிஃப்ட் 10 முதல் காலை 6. வாரம் ஒருமுறை மாறும். மாறும் வரிசை ஏ, சி, பி. ஆபரேட்டர், ஃபிட்டர், பாய்லர் ஆட்கள் பெரும்பாலும் 35-லிருந்து 52 வயதுக்குள்.

வருடாந்திர மெடிக்கல் செக்கப்பில் பலருக்கும் 140/90-க்கு மேல் வந்திருக்கிறது. ஆனால் பி.பி. பார்த்ததே சி ஷிஃப்ட் விடுகிற நேரத்தில், கேட் பக்கத்து அறையில், வரிசையில் நிற்க வைத்து. "ராத்திரி பூரா முழிச்சா ஏறத்தானே செய்யும், இதெல்லாம் கணக்கில்ல" என்று பாதிப் பேர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டார்கள். மாத்திரை ஆரம்பித்தவர்களும் "காலையில் ஒன்று" என்று சீட்டில் எழுதியிருப்பதால், நைட் வாரத்தில் எது காலை என்று தெரியாமல் விட்டு விட்டுப் போடுகிறார்கள்.

அந்த ரீடிங்கை எப்படி எடுத்துக்கொள்வது, சரியாக அளப்பது எப்படி, மாத்திரை எந்த நேரத்தில், ஷிஃப்ட் வரிசையில் ஏதாவது மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அளவுக்கு இருந்தால் இன்னும் நல்லது.

ஓ.எச்.சி. நர்ஸ், வில்லியனூர்

அந்த ரீடிங்கை ஒதுக்கவும் கூடாது, அதை மட்டும் வைத்து "உனக்கு பி.பி." என்று முடிவு கட்டவும் கூடாது. திரும்ப, ஒழுங்காக அளக்க வேண்டும்.

காரணத்தை முதலில் சொல்கிறேன். இரவில் தூங்குபவருக்குத் தூக்கத்தில் பி.பி. பகல் அளவைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வு அதுதான். நைட்டில் அந்த இறக்கம் கிடைப்பதில்லை. காலையில் வந்து படுத்தாலும் உடம்பின் கடிகாரம் பகல் என்றே ஓடுகிறது. நாலைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும், அந்தத் தூக்கத்திலும் பி.பி. முழுசாக இறங்காது. சிறுநீரகம் உப்பைக் கழிப்பதுகூடப் பகலில் அதிகம், இரவில் குறைவு. ஆகவே "முழிச்சதால ஏறிச்சு" என்பது சரியான பேச்சுதான். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், வருடக்கணக்கில் அப்படி ஏறி நின்றால் மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றும் தாங்காது. காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

அளக்கும் முறை. "காலை, மாலை" என்ற வழக்கமான கணக்கு ஷிஃப்ட் ஆட்களுக்குப் பொருந்தாது. தூக்கத்தை வைத்துக் கணக்கு வையுங்கள்: எழுந்ததும் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை. சி ஷிஃப்ட் வாரத்தில் மதியம் 2 மணிக்கு எழுந்தால் அதுதான் உங்கள் காலை. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, டீக்கு முன், மாத்திரைக்கு முன் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங். நோட்டில் தேதி, ஷிஃப்ட் எழுத்து, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், ரீடிங் என்று எழுதுங்கள். ஏ அல்லது பி வாரம் முழுக்க ஒரு கணக்கு, சி வாரம் முழுக்கத் தனிக் கணக்கு. முதல் நாள் ரீடிங்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் பார்த்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் ரத்த அழுத்தம். ஏ வாரத்தில் 128, சி வாரத்தில் 144 என்று வந்தால் அதையும் அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு மறைத்துவிடாதீர்கள்.

கேட் பக்கத்து அறையில் என்ன கெட்டுப்போகிறது என்று பாருங்கள். ஆள் படியேறி வந்த வேகத்தில் ஸ்டூலில் உட்காருகிறார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கால் தொங்குகிறது, கை மேசையில் இல்லாமல் மடியில் கிடக்கிறது. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றியதில் அதுவே இறுக்கிப் பிடிக்கிறது. பின்னால் நிற்பவரோடு பேச்சு. பத்து நிமிடம் முன்னால்தான் டீயும் பீடியும். இதில் ஒவ்வொன்றும் மேல் எண்ணைக் கூட்டிக்காட்டும். நிரம்பிய சிறுநீர்ப்பையும் கூட்டும். செய்ய வேண்டியது: 30 நிமிடம் டீ, புகை இல்லை, 5 நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காருதல், பாதம் தரையில், கை இதய மட்டத்தில் மேசைமேல், மேற்கையில் சுற்றும் பட்டை (கஃப்) வெறும் தோலில்.

பட்டை அளவை யாரும் கவனிப்பதில்லை. டெய்லர் டேப்பால் மேற்கையின் நடுச் சுற்றளவை எடுங்கள். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைதான். ஃபிட்டர், லோடிங் ஆட்களில் பலருக்கு 33, 34 இருக்கும். சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி.யும் வரும். 32-க்கு மேல் பெரிய பட்டை வாங்கி ஓ.எச்.சி.யில் (ஆலையின் மருத்துவ அறை) வைக்கச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டவே வேண்டாம்.

இரண்டு வாரக் கணக்கும் குழப்பமாக இருந்தால் 24 மணி நேர பி.பி. மெஷின் மாட்டிப் பார்க்கலாம். அதில் ஒரு எச்சரிக்கை: அந்தக் கம்ப்யூட்டர் இரவு 10 முதல் காலை 6 வரை "தூக்கம்" என்று தானாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். சி ஷிஃப்டில் மாட்டினால், நீங்கள் உண்மையில் தூங்கிய நேரத்தை எழுதிக் கொடுத்து ரிப்போர்ட்டை அப்படிப் பிரிக்கச் சொல்ல வேண்டும். தூக்க நேரச் சராசரி 120/70-க்குக் கீழே இருக்க வேண்டும்.

ஓய்வாக உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தும் 180/110 அல்லது மேலே என்றால் அன்றைக்கே டாக்டர். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி ஏதாவது ஒன்று இருந்தாலும் 108. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரம்தான் கெடு. ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் என்ற பி.பி. மருந்துக் கேப்ஸ்யூலைப் பிழிந்து விடும் பழக்கம் சில முதலுதவி அறைகளில் இன்னும் இருக்கிறது. பி.பி. தடாலென்று விழுந்து அதனாலேயே பக்கவாதம் வரலாம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

மருந்தாளுநர், முதுநகர்

மாத்திரை நேரம் பற்றி.

பி.பி. மாத்திரையைக் காலையில் போடுவதா, இரவில் போடுவதா என்று பிரிட்டனில் 21,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2022-இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே "காலையில் ஒன்று" என்பது வேதவாக்கு இல்லை. விடாமல் போடுவதுதான் முக்கியம்.

மூன்று ஷிஃப்டிலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தைப் பிடியுங்கள். உங்கள் ஷிஃப்ட் நேரத்துக்கு இரவு 8 மணி நன்றாகப் பொருந்தும். ஏ வாரத்தில் வீட்டில் சாப்பாட்டு நேரம். பி வாரத்தில் பிளான்ட்டில் டிபன் பிரேக். சி வாரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன். போனில் தினமும் 8 மணிக்கு அலாரம், ஐ.டி. கார்டு உறையில் ஒரு ஸ்ட்ரிப். வெயிலில் நிற்கும் பைக் டேங்க் கவரில் மாத்திரை வைக்காதீர்கள். டாக்டரிடம் "எனக்கு மூன்று ஷிஃப்ட், 8 மணிக்குப் போடுகிறேன்" என்று சொல்லி சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். 8 மணி 11 ஆகிவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. டெல்மிசார்டன் என்ற இன்னொரு பி.பி. மாத்திரையும் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். சீட்டில் வேறு மருந்து இருந்தால் நேரத்தை மாற்றும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு நீர் மாத்திரை. குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைட் இரண்டும் இந்த ரகம். டெல்மிசார்டனோடு சேர்ந்த மாத்திரையில் பெயருக்குப் பின்னால் "எச்" என்று போட்டிருந்தால் உள்ளே நீர் மாத்திரை இருக்கிறது. படுக்கும் முன் போட்டால் தூக்கத்தில் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கும், ஏற்கெனவே குறைந்த பகல் தூக்கம் அதிலும் போகும். இதை மட்டும் எழுந்த பிறகு போடுங்கள், அது மதியம் 2 மணியானாலும்.

கடையில் அடிக்கடி பார்ப்பது: மூட்டுவலி, முதுகுவலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் வாரக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். இவை பி.பி.யை ஏற்றும், பி.பி. மருந்தின் வேலையையும் கெடுக்கும். டெல்மிசார்டன் வகை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, கத்திரி வெயிலில் உடம்பு வற்றினால் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகலாம். பாய்லர், டிரையர் ஏரியா ஆட்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. சளிக்கு விற்கும் கூட்டு மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருக்கும், அதுவும் ஏற்றும். தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் மெல்லுபவர்கள் நிறுத்தணும்: உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்.

அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், நின்றே வேலை செய்பவர்களுக்குச் சீக்கிரம் தெரியும். எனலாபிரில் வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு, தானாக நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண் தொழிலாளிகள் டெல்மிசார்டன், எனலாபிரில் போடக் கூடாது, முன்கூட்டியே டாக்டரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

டைம் ஆபீஸ், சேதராப்பட்டு

தோழர், ஷிஃப்ட் வரிசை பற்றிக் கேட்டீர்களே, அதில்தான் நிர்வாகம் பைசா செலவில்லாமல் செய்யக்கூடியது இருக்கிறது.

ஏ, சி, பி என்பது பின்னோக்கிச் சுற்று. நடுவில் ஆஃப் விழாத மாற்றத்தைக் கணக்குப் போடுங்கள். ஏ முடிவது மதியம் 2. அன்றே இரவு 10-க்கு சி. இடைவெளி 8 மணி. சி முடிவது காலை 6. அன்றே மதியம் 2-க்கு பி. மறுபடி 8. பி முடிவது இரவு 10. மறுநாள் காலை 6-க்கு ஏ. அதுவும் 8. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கமிருந்து வருபவருக்கு வண்டி, குளியல், சாப்பாடு போக அந்த 8-இல் தூங்கக் கிடைப்பது 5 இருந்தாலே பெரிது. இதையே ஏ, பி, சி என்று முன்னோக்கித் திருப்பினால் மூன்று மாற்றத்திலும் இடைவெளி 24 மணி நேரம். ஆள் கூட்ட வேண்டாம், வேலை நேரமும் கூடாது. உடம்பின் கடிகாரத்துக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னுக்கு இழுப்பது கஷ்டம்.

வாராந்திர ஆஃப் சி வாரத்துக்குப் பின்னால் விழ வேண்டும். சி முடிந்த காலையில் தொடங்கி 24 மணி நேரம் என்று கணக்கு வைத்தால், பகல் தூங்கியே கழிந்து, மறுநாள் விடிகாலை 4 மணிக்கு ஏ ஷிஃப்டுக்கு எழ வேண்டும். இரண்டு இரவு வீட்டில் படுத்த பிறகு ஏ தொடங்குவதுபோல் ரோஸ்டர் போடச் சொல்லுங்கள்.

நான்கு செட் ஆட்கள் இருக்கும் பிளான்ட்டில் இன்னும் நல்ல வழி உண்டு: 2 ஏ, 2 பி, 2 சி, 2 ஆஃப். எட்டு நாளில் 48 மணி, வாரத்துக்கு 42 மணி விழும். தொடர்ந்து ஆறு நைட் என்பது இரண்டாகக் குறையும். மூன்று செட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, அதனால் முதல் கட்டமாகத் திசையை மாற்றக் கேளுங்கள்.

ரிலீவர் வராமல் போடும் டபுள் ஷிஃப்ட்தான் பெரிய வில்லன். சி முடித்தவரையே ஏ-யில் நிறுத்தினால் 16 மணி நேரம். "ஒரு டியூட்டி முடிந்து அடுத்ததற்கு 11 மணி நேரம் இடைவெளி" என்ற ஒரு வரியை செட்டில்மென்ட்டில் (நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தம்) ஏற்றப் பாருங்கள். பி.பி. கட்டுக்குள் வராதவர்கள் பெயர் ஓ.டி. பட்டியலில் வரவே கூடாது. ஓ.டி. பணம் போகிறதே என்று ஆட்களே எதிர்ப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

மெடிக்கல் செக்கப்பையும் ரோஸ்டரோடு கோர்க்கலாம். ஒவ்வொரு செட்டுக்கும் ஆஃப் முடிந்து வரும் ஏ அல்லது பி டியூட்டியில், புளோயர் சத்தம் கேட்காத அறையில் வைக்கச் சொல்லுங்கள். இரைச்சலே பி.பி.யை ஏற்றும், காது அடைப்பானை இதற்காகவும் போட வேண்டும்.

சேஃப்டி கமிட்டி, கடலூர் சிப்காட்

மிக்க நன்றி. திசையை மாற்றுவது பற்றி இந்த மாதக் கூட்டத்தில் வைக்கிறோம். இன்னும் இரண்டு. ஒன்று, பாய்லர் ஆட்கள் "வேர்த்துக் கொட்டுது, உப்பக் குறைச்சா மயக்கம் வரும்" என்கிறார்கள். சரியா? இரண்டு, பி.பி. இருக்கிறது என்று தெரிந்தால் ஹைட் பாஸ் (உயரத்தில் ஏறி வேலை செய்ய அனுமதிச் சீட்டு) போய்விடும், கான்ட்ராக்டில் எடுக்க மாட்டார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். ஷட்டவுன் (பராமரிப்புக்காகப் பிளான்ட்டை நிறுத்துவது) நேரத்தில் கேட்டுக்கு வரும் முன் இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டு வருபவர்களும் உண்டு.

ஓ.எச்.சி. நர்ஸ், வில்லியனூர்

உப்புக்கு முதலில் பதில். அவர்கள் சொல்வதில் பாதி சரி. வெக்கை வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு வேர்வையில் உப்பு அதிகம் போகும். ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகி, வேர்வையில் போகும் உப்பைக் குறைத்துவிடும். அதன் பிறகு வேண்டியது முக்கியமாகத் தண்ணீர்: வெக்கையில் நிற்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஓ.ஆர்.எஸ். என்பது தசைப்பிடிப்பு, வாந்தி, மணிக்கணக்கில் கொட்டும் வேர்வைக்கு. தினசரி குடிக்கும் ஜூஸ் மாதிரி வைக்காதீர்கள். நீர் மாத்திரை போடுபவருக்கு மட்டும் ஏப்ரல், மே மாதத்தில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பார்த்து டாக்டர் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். மயக்கம் வந்தால் உப்பைக் கூட்டுவதற்கு முன், உட்கார்ந்தும் நின்றும் பி.பி. பாருங்கள்.

நம் ஆட்கள் சாப்பிடும் உப்பு எவ்வளவு என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. அதில் ஊறுகாய், அப்பளம், மிக்ஸர், கடைச் சாப்பாடு சேரவில்லை. பாக்கெட் பண்டத்தில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள்: 800 என்றால் உப்பு 2 கிராம். கருவாட்டை விடச் சொன்னால் கடலூரில் யாரும் கேட்கப் போவதில்லை. சுடுதண்ணீரில் ஊற வைத்து இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல், எப்போதாவது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன் வகை போடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கேன்டீனில் இரவு 2 மணிக்குப் பரோட்டா, சால்னா, பஜ்ஜிக்குப் பதில் இட்லி, சுண்டல், அவித்த முட்டை, வாழைப்பழம். முக்கியச் சாப்பாடு டியூட்டிக்கு வரும் முன் வீட்டில். 2 மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம், பகல் தூக்கத்தைத் தின்றுவிடும். பி ஷிஃப்ட் முடிந்து தூக்கத்துக்காகக் குவார்ட்டர் போடுபவர்களுக்கு ஒரு தகவல்: அது தூங்க வைத்துவிட்டுப் பாதியில் எழுப்பிவிடும், பி.பி.யையும் ஏற்றும்.

பகல் தூக்கத்துக்கு ஜன்னலில் கனத்த கறுப்புத் துணி. ஷீட் போட்ட வீட்டில் 11 மணிக்கு மேல் படுக்க முடியாது, அதனால் இரண்டாகப் பிரியுங்கள்: 7 முதல் 11 வரை ஒன்று, டியூட்டிக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒன்று.

ஆலை மருத்துவர், புதுச்சேரி

ஹைட் பாஸ் விஷயம். உயர் ரத்த அழுத்தம் இருப்பதே வேலைக்குத் தகுதி இல்லை என்று ஆகாது. மருந்தில் கட்டுக்குள் இருப்பவர் மூன்று ஷிஃப்டும் பார்க்கலாம், மேலேயும் ஏறலாம். 180/110 அளவில் நிற்பவரையும் புதிதாக மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ தலைசுற்றல் இருப்பவரையும் உயரத்திலும் டேங்குக்குள்ளும் அனுப்பக் கூடாது. அது தற்காலிகம், சீட்டில் "4 வாரம், பிறகு மறுபரிசோதனை" என்று தேதியோடு எழுத வேண்டும். வெறுமனே "அன்ஃபிட்" என்று எழுதுவதால்தான் அடுத்தவர் மறைக்கிறார். கமிட்டி இதில் உறுதியாக நிற்கணும்.

கேட்டுக்கு முன் இரண்டு மாத்திரை போடுவது இரட்டை ஆபத்து. அம்லோடிபினின் முழு வேலை பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதாவது கேட்டில் எண் குறையாது, சாரத்தின்மேல் நிற்கும்போது தலை சுற்றும். ஷட்டவுனுக்கு ஆறு வாரம் முன்பே பி.பி. பாருங்கள். மருந்து தொடங்கி, ஒரு மாதத்தில் திரும்பப் பார்த்து, அளவைச் சரி செய்து பாஸ் கொடுக்க அந்த அவகாசம் போதும்.

பி.பி. உறுதியானவருக்குச் சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. ஒருமுறை பார்க்க வேண்டும். சம்பளம் 21,000-க்குள் என்றால் கான்ட்ராக்ட் ஆளும் இ.எஸ்.ஐ.யில் வருவார், மருந்து அங்கே இலவசம். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா, கார்டு கொடுத்தார்களா என்று பாருங்கள். தமிழகப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை கிடைக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இப்போது தொழிற்கூடங்களுக்கும் வருகிறது, கமிட்டி கடிதம் கொடுத்து அழைக்கலாம்.

மூன்று மருந்து போட்டும் பி.பி. இறங்காதவரை அவர் மனைவியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்: குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா? அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு. தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பணும், நான்காவது மாத்திரை எழுதுவதற்கு முன். பேட்டரி, ஈயம் கையாளும் யூனிட்டாக இருந்தால் ரத்தத்தில் ஈய அளவும் பார்க்கணும், ஈயமும் பி.பி.யை ஏற்றும்.

நோட்டீஸ் போர்டில் பெயர் போட்டு பி.பி. பட்டியல் ஒட்ட வேண்டாம். ரீடிங் அந்தந்த ஆளிடமும் ஓ.எச்.சி.யிலும் மட்டும் இருக்கட்டும். நிர்வாகத்துக்குப் போவது எந்த ஷிஃப்ட் வரிசையில் எத்தனை பேருக்கு ஏறியிருக்கிறது என்ற எண்ணிக்கை மட்டும்.